மூச்சைப் பிடித்துக்கொண்ட அரங்கம்

தியேட்டர் ஆபரேட்டர் படம் பார்ப்பதில்லை என்று சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஃபோகஸ் சரியாக இருக்கிறதா, சவுண்ட் வருகிறதா என்று திரையை ஒரு பார்வை. மற்ற நேரமெல்லாம் கேபின் கண்ணாடி வழியாகத் தெரியும் தலைகள்தான் எங்களுக்குப் படம். எந்தக் காட்சியில் தலைகள் ஒன்றாக நிமிர்கின்றன, எந்தப் பாட்டுக்கு ஆட்கள் வாசல் பக்கம் நகர்கிறார்கள், எந்த இடத்தில் செல்போன் வெளிச்சம் மினுக்கத் தொடங்குகிறது என்று பார்த்தே, படம் எத்தனை வாரம் தாங்கும் என்று சொல்லிவிடுவோம். கார்பன் குச்சி எரித்து ஓட்டிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஹார்ட் டிஸ்க்கில் படம் வரும் காலம்வரை சென்னையில் இந்தக் கேபின்களிலேயே இருந்தவன் நான். அத்தனை வருடத்தில் பார்வையாளர்களின் உடம்பையே ஆட்டிவைத்த படம் என்றால், 2013 அக்டோபரில் வந்த ‘கிராவிட்டி’யைத்தான் சொல்வேன்.

கதை சின்னது. ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுது பார்க்க விண்வெளிக்குப் போன குழுவில் இரண்டு பேர். முதல்முறை மேலே வந்திருக்கும் டாக்டர் ரயன் ஸ்டோனாக சான்ட்ரா புல்லக். பழுத்த அனுபவசாலி மேட் கோவால்ஸ்கியாக ஜார்ஜ் க்ளூனி. ரஷ்யா தன்னுடைய பழைய செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் உடைக்கிறது. அந்தச் சிதறல் மற்ற செயற்கைக்கோள்களையும் உடைத்து, பெருகி, இவர்கள் மேல் வந்து விழுகிறது. விண்கலம் நாசமாகிறது. ஸ்டோன் எப்படியாவது சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும், அங்கிருந்து சீனாவின் தியான்கோங்குக்கும் போய், பூமியில் இறங்க வேண்டும். மொத்தம் 91 நிமிடம். இயக்குநர் மெக்சிகோவைச் சேர்ந்த அல்ஃபோன்சோ குவாரோன். திரைக்கதையை மகன் ஹோனாஸுடன் சேர்ந்து எழுதினார்.

முதல் காட்சியிலிருந்தே எனக்கு வேலை வந்தது. படம் கறுப்புத் திரையில் எழுத்துகளோடு தொடங்கும். அந்த உயரத்தில் ஒலியைக் கடத்த எதுவும் கிடையாது, காற்றழுத்தம் கிடையாது, ஆக்சிஜன் கிடையாது என்று வரிசையாக வரும். பின்னால் ஓசை ஏறிக்கொண்டே போய், காது தாங்காது என்ற கட்டத்தில் சட்டென்று அறுந்துவிடும். திரையில் நீலமாகப் பூமி. அரங்கில் பொட்டுச் சத்தம் இல்லை. நம் ஊர் ரசிகர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். “ஆபரேட்டர்! சவுண்டு!” என்று பின் வரிசையிலிருந்து குரல் வந்தது, ஒருவர் விசில் அடித்தார். எனக்கு உதவியாக இருந்த பையன், “அண்ணே, சவுண்டு போச்சுண்ணே!” என்று பதறிக்கொண்டு சவுண்ட் ராக் பக்கம் ஓடினான். கையைப் பிடித்து நிறுத்தினேன். சில விநாடிகளில் எங்கோ தூரத்திலிருந்து ரேடியோவில் பேசும் குரல் மெல்லக் கேட்கத் தொடங்கியது. கத்தியவர்களுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் பார்த்தது என் அனுபவத்தில் அபூர்வமானது. முந்நூறு பேர் ஒரு சத்தத்தைக் கேட்பதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாப்கார்ன் பையில் கை விட்டவர்கள்கூட அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

அந்த மௌனம் திட்டம் போட்டுச் செய்தது. வெற்றிடத்தில் ஒலி பரவாது. ஆகவே மோதல், வெடிப்பு எதற்கும் படத்தில் நேரடிச் சத்தம் இல்லை. ஸ்டோன் எதையாவது தொட்டால், அந்த அதிர்வு கையுறை வழியாகவும் உடை வழியாகவும் அவள் காதுக்கு எவ்வளவு போகுமோ அவ்வளவுதான் நமக்கும். திருகாணியை முடுக்கினால் அடங்கிய ஓர் உறுமல். பக்கத்தில் ஒரு விண்வெளி நிலையமே சுக்குநூறானாலும் சத்தமில்லை. அந்த இடத்தை ஸ்டீவன் ப்ரைஸின் இசை நிரப்புகிறது. அதிரடிப் படங்களில் வழக்கமாக வரும் தாள வாத்தியங்கள் வேண்டாம் என்று குவாரோன் சொல்லிவிட்டார். சண்டை என்றால் டிரம்ஸ் அதிர வேண்டும் என்று பழகிய அரங்கில் அதிர டிரம்ஸ் இல்லை. அதனால் ஸ்டோனின் மூச்சுச் சத்தம் முன்னால் வந்து நின்றது. ஆக்சிஜன் குறையக் குறைய அவள் வேகமாக மூச்சு வாங்குவாள். மெதுவாக விடு, கொஞ்சமாக இழு என்று கோவால்ஸ்கி சொல்லிக்கொண்டே இருப்பார். கேபினிலிருந்து பார்த்தால் முதல் நாலைந்து வரிசையின் தோள்கள் தெரியும். அவை ஏறுவதும் இறங்குவதும் அவளுடைய மூச்சோடு சேர்ந்துகொண்டன.

அடுத்தது கண். படத்தின் முதல் ஷாட் சுமார் 13 நிமிடம் வெட்டே இல்லாமல் போகிறது. சராசரி படத்தில் சில விநாடிக்கு ஒரு வெட்டு விழும். வெட்டு விழும்போதெல்லாம், நாம் பார்ப்பது படம் என்ற நினைப்பு உள்ளுக்குள் ஒருமுறை தட்டிவிட்டுப் போகும். இங்கே அந்த நினைப்புக்கு இடமே கொடுக்கவில்லை. கேமரா மிதந்துகொண்டே இருக்கிறது. மேல், கீழ் என்று எதுவும் இல்லை. பூமி ஒரு சமயம் காலடியில், ஒரு சமயம் தலைக்கு மேல். சிதறல் தாக்கி ஸ்டோன் சுழன்றுகொண்டே இருட்டுக்குள் போகும்போது, கேமரா அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தாண்டி உள்ளே நுழைந்து, அவள் கண்ணாலேயே வெளியே பார்க்கிறது. அந்த நிமிடம் அரங்கில் தலைகள் ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்தேன். நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார்கள். நடு வரிசையில் ஒரு அம்மா இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டார்.

இதற்குக் காரணம் காதுக்குள் இருக்கிறது. நம் உள்காதில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் மூளைக்குச் சொல்வது அவைதான். தாம்பரத்தில் நிற்கும் ரயிலில் உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் ரயில் கிளம்புகிறது. நம் ரயில்தான் நகர்கிறது என்று ஒரு கணம் நினைக்கிறோம் இல்லையா, அதுவேதான். பார்வைப் பரப்பு முழுக்க ஒரே பக்கமாக நகர்ந்தால், நகர்வது நாம்தான் என்று மூளை முடிவுகட்டும். உள்காது ‘இல்லை, நீ உட்கார்ந்திருக்கிறாய்’ என்கிறது. இந்த இரண்டு செய்திக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தலை சுற்றும், வயிறு புரட்டும். திரை பெரிதாகவும், சுற்றிலும் இருட்டாகவும், 3டி ஆழமும் சேர்ந்திருந்தால் கண்ணின் கட்சி வலுவாகும். கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி உள்ளே போனவர்கள் உண்டு. திரும்பிப் போனார்கள் என்பதைக் கவனியுங்கள். பாதியில் வீட்டுக்குக் கிளம்பிய ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

எனக்கு உறுத்திய விஷயம் வெளிச்சம். 3டி கண்ணாடி திரையின் ஒளியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். 2டி படத்துக்குத் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. 3டிக்கு 4.5 கிடைத்தாலே நல்லது என்று விட்டுவிட்டார்கள். செனான் விளக்கு பழசாகிவிட்டால் அதுவும் கிடைக்காது. விளக்கு விலை அதிகம் என்பதால் அதன் ஆயுளைத் தாண்டியும் எரியவிடுவது நம் ஊரில் சகஜம். வெயிலில் எடுத்த பாட்டுக் காட்சிக்கு அது பெரிதாகத் தெரியாது. இந்தப் படத்தில் பாதித் திரை கறுப்பு. கறுப்பு கறுப்பாகவும், அதன் நடுவில் வெள்ளை உடை பளிச்சென்றும் தெரிந்தால்தான் ஆழம் இருக்கும். இல்லையென்றால் எல்லாம் சாம்பலாகிவிடும். புது விளக்கு வேண்டும் என்று நான் கேட்டேன். நான் அப்போது இருந்த தியேட்டரில் மேனேஜர் சம்மதித்தது என் அதிர்ஷ்டம்.

திரையில் அந்த வெளிச்சத்தைக் கொண்டுவர அவர்கள் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால், ஒரு விளக்குச் செலவு ஒன்றுமில்லை என்று தோன்றும். குவாரோனும் ஒளிப்பதிவாளர் இமானுவேல் லுபெஸ்கியும் லண்டனின் ஃப்ரேம்ஸ்டோர் நிறுவனத்தின் டிம் வெப்பரும் சேர்ந்து வருடக்கணக்கில் உழைத்த படம் இது. வெளியில் மிதக்கும் பல காட்சிகளில் நடிகர்களின் முகம் மட்டும்தான் நிஜம். உடை உட்பட மற்றதெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்தது. ஆனால் முகத்தில் விழும் ஒளி பொய்யாக இருந்தால் கண் கண்டுபிடித்துவிடும். ஆகவே லட்சக்கணக்கான எல்இடி விளக்குகளால் உட்சுவர் முழுக்க மூடிய ஒரு பெட்டியைக் கட்டினார்கள். சான்ட்ரா புல்லக் அதற்குள் கட்டுண்டு நிற்பார். சுழல்வது அவர் இல்லை. சுவர்களில் பூமியும் சூரியனும் நட்சத்திரங்களும் அவரைச் சுற்றி ஓடும். கேமராவைத் தொழிற்சாலையில் கார் பூட்டும் ரகத்து ரோபோ கை நகர்த்தியது. வேறு காட்சிகளில் அவர் உடம்பைக் கம்பிகளில் தொங்கவிட்டு, மேடையில் பொம்மலாட்டம் செய்யும் கலைஞர்களைக் கொண்டு ஆட்டினார்கள். எடையில்லாமல் எப்படி அசைவது என்று கேட்டுக்கொள்ள, அப்போது விண்வெளி நிலையத்திலேயே இருந்த கேடி கோல்மன் என்ற வீராங்கனையோடு புல்லக் போனில் பேசினார். பூமியின் நீல ஒளி கன்னத்தில் ஏறி, சூரிய ஒளி வந்து அதை அழிக்கும் அந்தச் சில விநாடிகளை நான் எத்தனையோ காட்சிகளில் பார்த்தும் சலிக்கவில்லை.

நம் அரங்குகளில் மட்டும் கேட்ட ஆரவாரம் ஒன்று உண்டு. குழுவில் ஷரீஃப் என்ற இந்தியப் பொறியாளர் வருவார். முகம் சரியாகத் தெரியாது. கயிற்றில் கட்டிக்கொண்டு துள்ளித் துள்ளி ஆடுவார். ராஜ் கபூரின் ‘ஸ்ரீ 420’ படப் பாட்டை முணுமுணுப்பார். ஒவ்வொரு ஷோவிலும் அந்த இடத்தில் கைதட்டல், சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் அதே ஷரீஃபின் முகத்தைச் சிதறல் துளைத்திருப்பதைக் காட்டுவார்கள். பக்கத்தில் அவர் குடும்பப் படம் மிதக்கும். கைதட்டிய கைகள் வாயைப் பொத்திக்கொள்ளும். நம் ஆள் என்று கொண்டாடி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு கோவால்ஸ்கி கைவிட்டுப் போகிற நேரத்தில், கங்கைமேல் வெயில் விழும் அழகைப் பற்றி ரேடியோவில் பேசுவார். அங்கே ஒருவரும் கைதட்டவில்லை.

இன்னொரு காட்சி. பூமியில் யாராவது கேட்கிறார்களா என்று ஸ்டோன் ரேடியோவைத் திருப்பிக்கொண்டே இருப்பாள். யாரோ ஒரு மனிதரின் குரல் வரும். அவர் கிரீன்லாந்தின் பனியில் இருக்கும் இன்யூட் மீனவர். அவர் பேசுவது அவளுக்கும் புரியாது, நமக்கும் புரியாது. அடியில் எழுத்தும் போடவில்லை. நாய் குரைக்கிறது, குழந்தை அழுகிறது, அவர் தாலாட்டுகிறார். அவளும் நாய்போல ஊளையிட்டுவிட்டு அழுகிறாள். கண்ணீர்த் துளி முகத்தை விட்டுப் பிரிந்து, உருண்டையாக, 3டியில் நம்மை நோக்கி மிதந்து வரும். ஒரு சின்னப் பெண் கையை நீட்டி அதைப் பிடிக்கப் பார்த்தாள். அந்த மீனவர் பக்கத்துக் கதையை ‘அனிங்காக்’ என்று தனிக் குறும்படமாகவே ஹோனாஸ் குவாரோன் எடுத்திருக்கிறார்.

படம் முடிந்து டீக்கடையில் நடந்த விவாதமும் படத்தில் சேர்த்திதான். பக்கத்துப் பொறியியல் கல்லூரிப் பையன்கள் விடவேயில்லை. ஸ்டோனின் கால் பாராசூட் கயிற்றில் சிக்கி நின்றுவிட்டது. கோவால்ஸ்கியும் கயிற்றின் நுனியில் நின்றுவிட்டார். அப்புறம் அவரை எது இழுக்கிறது, ஏன் கயிற்றைக் கழற்றிக்கொள்ள வேண்டும், லேசாகச் சுண்டினாலே திரும்பி வந்திருப்பாரே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. வானியல் அறிஞர் நீல் டிகிராஸ் டைசனும் ட்விட்டரில் இதைக் கேட்டார். புல்லக்கின் தலைமுடி ஏன் மிதக்கவில்லை என்றும் கேட்டார். ஹப்பிள் பூமத்திய ரேகைக்கு 28.5 பாகை சாய்ந்த பாதையில் சுற்றுகிறது. விண்வெளி நிலையத்தின் சாய்வு 51.6 பாகை. முதுகில் கட்டிய உந்துபொறியை வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகவே முடியாது. இத்தனையும் சொன்ன டைசன், படம் தனக்குப் பிடித்திருந்தது என்றும் சொன்னார். நிலவில் நடந்த பஸ் ஆல்ட்ரின், எடையின்மையைக் காட்டிய விதத்தை மனமாரப் பாராட்டி எழுதினார். என் கட்சி ஆல்ட்ரின் கட்சி. பாதைக் கணக்கு தப்பாக இருக்கலாம். பிடிக்க எதுவும் இல்லாமல் மிதப்பது எப்படியிருக்கும் என்பதை அந்தப் படம் சரியாகச் சொன்னது.

சிதறல் கதையும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. மோதல் மோதலைப் பெருக்கும் இந்தச் சங்கிலியை நாசாவின் டொனால்ட் கெஸ்லர் 1978இலேயே எழுதியிருக்கிறார். 2021 நவம்பரில் ரஷ்யா நிஜமாகவே தன் பழைய செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் உடைத்தது. விண்வெளி நிலையத்தில் இருந்த 7 பேரும் தங்கள் கலங்களுக்குள் போய் ஒதுங்க வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, எங்கள் அரங்கின் இருட்டில் ஆயிரம் துண்டுகள் பறந்து வந்தபோது மொத்தக் கூட்டமும் தலையைக் குனிந்துகொண்டது கண்முன் வந்தது.

ஏழு ஆஸ்கர் விருது, 70 கோடி டாலருக்கு மேல் உலக வசூல் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மங்கள்யான் செலவு இந்தப் படத்தைவிடக் குறைவு என்று 2014இல் ஸ்ரீஹரிகோட்டாவில் பிரதமர் பேசியதும் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் தியேட்டரில் தீபாவளிப் படங்கள் வந்ததும் இது இடத்தைக் காலி செய்தது.

நான் சொல்ல வந்த குறை வேறு. இடைவேளை. வெளிநாட்டுப் படங்கள் இடைவேளை வைத்து எடுக்கப்படுவதில்லை. எங்கே நிறுத்துவது என்பதை நாங்களே பார்த்து வைப்போம். 91 நிமிடப் படத்தில் எங்கே நிறுத்துவது? பூமியைச் சுற்றிவர அந்த உயரத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். சிதறல் மறுபடி வரும் நேரம் அதுதான் என்று கோவால்ஸ்கி கடிகாரத்தில் குறித்துக்கொள்வார். படமும் அதே ஒன்றரை மணி நேரம். பார்ப்பவர்களும் அந்த ஒரு சுற்று முழுவதும் மேலேயே இருக்க வேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறார்கள். இடைவேளையே வேண்டாம் சார் என்று கேட்டுப் பார்த்தேன். “கேன்டீன் எடுத்தவர் வந்து என் சட்டையைப் பிடிப்பார்” என்றார் மேனேஜர். ஸ்டோன் நிலையத்துக்குள் நுழைந்து, உடையைக் களைந்து, கருப்பைக்குள் இருக்கும் சிசுபோலச் சுருண்டு மிதக்கும் இடம் வரும். வேறு வழியில்லாமல் அதற்குப் பின்னால் நிறுத்தினேன். விளக்கு எரிந்தது. யாரும் எழவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சமோசா வாசனை வந்தது, விளம்பரம் ஓடியது, போன்கள் வெளியே வந்தன. மறுபடி படம் தொடங்கியபோது அவர்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக ஸ்டோனுக்கு நல்ல சில நிமிடங்கள் தேவைப்பட்டன. நிலையத்துக்குள் தீ பிடித்து, நெருப்பு உருண்டைகள் மிதக்க ஆரம்பித்த பிறகுதான் மூச்சு மீண்டும் ஒன்று சேர்ந்தது.

பிற்பாடு இதே படத்தை வீட்டில் டிவியில் போட்டார்கள். என் மகள் பாதியில் எழுந்து போய்விட்டாள். “ஒரு அம்மா தனியா கஷ்டப்படறாங்க, அவ்வளவுதானேப்பா” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தத் திரையில் அது அவ்வளவுதான். வசனங்கள் சாதாரணமானவை என்றும், கதை ஒல்லி என்றும் அப்போதே எழுதினார்கள், அதுவும் சரிதான். இருட்டும், பெரிய திரையும், நல்ல வெளிச்சமும், குறையாத ஒலியும், பக்கத்தில் மூச்சுவிடும் நூறு பேரும் சேர்ந்தால்தான் அந்த ஒல்லிக் கதைக்கு உடம்பு வரும். சில படங்கள் அப்படி. ‘இன்டர்ஸ்டெல்லர்’ 2025 பிப்ரவரியில் மறுபடி திரைக்கு வந்தபோது, வீட்டில் பலமுறை பார்த்தவர்களே டிக்கெட்டுக்கு அலைந்ததும் இதற்காகத்தான்.

தியேட்டர் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் இப்படிப்பட்ட படத்துக்கு, தினம் ஒரு ஷோவாவது இடைவேளை இல்லாமல் ஓட்டுங்கள். அதை போஸ்டரில் போடுங்கள். 3டி என்றால் விளக்கைப் பாருங்கள். யாரோ ஒருவர் ‘சத்தம் அதிகம்’ என்றார் என்பதற்காக ஒலியைக் குறைத்துவிடாதீர்கள். சத்தம் குறைந்தால் மௌனத்துக்கும் மதிப்பில்லை. பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கவுன்ட்டரில் டிக்கெட் வாங்கும்போது, “இடைவேளை இல்லாத ஷோ உண்டா?” என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அது மேனேஜர் காதுக்குப் போகும்.